அப்பாவுக்கும் நாய்க்கும் வாயுத் தொல்லை: ரெண்டுக்கும் ஒரே காரணமா?

மேலரதவீதி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல அப்பாவுக்கும் நாய்க்கும் ஒரே சமயத்துல வாயுத் தொல்லை. ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்புலருந்துதான் சாப்பாடு போகுது, அதான் சேர்த்தே கேட்டுக்கிடுதேன்.

அப்பாவுக்கு வயசு 64. சர்க்கரை உண்டு. முன்ன மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டாங்க. போன மாசத்துலருந்து கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூணும் சேர்ந்த மாத்திரை, காலையும் ராத்திரியும். அதுக்குப் பிறகுதான் வயிறு உப்பிசம். படுத்தா கடமுடான்னு சத்தம், காத்து நிறையப் பிரியுது. நாத்தம் பெருசா இல்ல. காலையில இட்லி, மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல். வாரத்துல ரெண்டு நாள் உளுந்தஞ்சோறு. சர்க்கரைக்கு நல்லதுன்னு சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். ராத்திரி சப்பாத்தி, படுக்கும்போது ஒரு டம்ளர் பால். இடையில சர்க்கரை போடாத பிஸ்கட். ரொம்ப முட்டுனா சோடா. ஏப்பம் வந்ததும் லேசாயிருச்சுன்னு சொல்லுதாங்க.

நாய் கன்னி இனம், ஆண், 4 வயசு, 20 கிலோ. காலையில பால். ராத்திரி ஒரே வேளை சாப்பாடு: சோறு, கோழிக்கடையில குடுக்கிற தோலும் குடலும், மிச்ச சாம்பார். தட்டை வச்சா ரெண்டு நிமிஷத்துல காலி. அது காத்து விட்டா வீட்டுக்குள்ள இருக்க முடியல. மலமும் அப்பப்ப இளகிப் போகுது. சாப்பிட்டதும் தோட்டத்துல அவுத்து விட்டா ஒரு ஓட்டம் ஓடிட்டு வரும்.

அப்பாவுக்குக் காரணம் மாத்திரையா, சாப்பாடா? நாய்க்கு எதை மாத்தணும்? ஓமத்தண்ணி ரெண்டு பேருக்கும் குடுக்கலாமா?


மருந்துச்சீட்டு:

அண்ணாச்சி, அப்பா விஷயத்துல முதல் சந்தேகம் வோக்லிபோஸ் மேலதான். மாவுச்சத்தையும் சீனியையும் உடைக்கிற நொதிகளைச் சிறுகுடல்ல தடுக்கிறதுதான் அந்த மருந்தோட வேலை. சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை சட்டுன்னு ஏறாம இருக்கிறது அதனாலதான். உடையாம மிஞ்சின மாவு பெருங்குடலுக்குப் போகுது, அங்க இருக்கிற பாக்டீரியா அதைப் புளிக்க வைக்குது. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் வரும், சிலருக்கு மீத்தேனும் வரும். இந்த மூணுக்கும் வாசனை கிடையாது. சத்தமும் உப்பிசமும் அதிகமா இருந்து நாத்தம் கம்மியா இருந்தா மாவுச்சத்துப் பக்கம் பாருங்க. நாத்தம் வர்றது கந்தகம் சேர்ந்த வாயுக்களால. முட்டை, இறைச்சி, முட்டைக்கோஸ், பூண்டு, வெங்காயம் எல்லாம் அதைக் கூட்டும்.

இன்னொரு துப்பு நேரம். சாப்பிட்டு அரை மணிக்குள்ள மேல்வயிறு முட்டி ஏப்பமா வந்தா, பெரும்பாலும் முழுங்கின காத்து அல்லது செரிமானக் கோளாறு. சாப்பிட்டு நாலஞ்சு மணி நேரம் கழிச்சு அடிவயிறு உறுமினா, அது பெருங்குடல்ல புளிக்கிறது. சாயங்காலச் சுண்டலுக்கு ராத்திரி 11 மணிக்குக் கச்சேரி நடக்கிறது கணக்குக்குச் சரியா வருது.

அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திராதீங்க. எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க. வோக்லிபோஸ் 0.2 மி.கி.யா 0.3 மி.கி.யான்னு சீட்டுல பாத்து, 0.3 இருந்தா 0.2-க்கு இறக்க முடியுமா? ரெண்டு வேளைக்குப் பதிலா சோறு அதிகம் சாப்பிடுற ஒரு வேளைக்கு மட்டும் போதுமா? மெட்ஃபார்மின் மெதுவா கரையுற வகைதானா? சாதா மெட்ஃபார்மினும் வயித்தைக் கலக்கும். வோக்லிபோஸால வர்ற வாயு பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல தானாவே தணியும், குடல் பழகிக்கிடும். இந்த மாத்திரையை முதல் வாய்க்குச் சற்று முன்னால போடணும். சாப்பிட்டு முடிச்சு அரை மணி கழிச்சுப் போட்டா பலனும் குறையும்.

இது வாயு சம்பந்தப்பட்டது இல்ல, ஆனா சொல்லாம விட முடியாது. கூட இருக்கிற கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழ வைக்கக்கூடியது. வோக்லிபோஸ் சாப்பிடுறவங்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து வேர்த்து நடுங்கினா சீனி, கருப்பட்டி, மிட்டாய் குடுத்தா வேகமா ஏறாது. அதை உடைக்கிற நொதியைத்தான் மாத்திரை அடைச்சு வச்சிருக்கு. குளுக்கோஸ் பவுடர் 15 கிராம், அதாவது சுமார் மூணு டீஸ்பூன், தண்ணியில கரைச்சுக் குடுத்து 15 நிமிஷம் கழிச்சு மறுபடி சோதிக்கணும். வீட்டுல ஒரு டப்பா இருக்கட்டும்.

அடுத்தது அந்தப் பிஸ்கட். அட்டையைத் திருப்பிப் பாருங்க. சீனிக்குப் பதிலா போடுற மால்டிடால், சார்பிட்டால்னு இருந்தா அதுவே வாயுவுக்குப் போதும். சர்க்கரை நோயாளிக்குன்னு விக்கிற அல்வா, லட்டுலயும் இதுதான் கதை.

பால்: 200 மி.லி. பால்ல லாக்டோஸ் சுமார் 10 கிராம். வயசு ஏற ஏற அதைச் செரிக்கிற நொதி குறையுறது நம்ம ஊர்ல சாதாரணம். அஞ்சு நாள் ராத்திரிப் பாலை மட்டும் நிறுத்திப் பாருங்க. மத்தது எதையும் அந்த அஞ்சு நாள் மாத்தாதீங்க. எல்லாத்தையும் ஒண்ணா நிறுத்தினா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது. மோர் பெரும்பாலும் ஒத்துக்கிடும்.

கடையில "கேஸ் மாத்திரை"ன்னு கேட்டு வாங்குற பான்டோபிரசோல் வகையறா அமிலத்தைக் குறைக்கும், நெஞ்செரிச்சலுக்கு நல்லது. குடல்ல புளிச்சு வர்ற காத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சிமெத்திகோன் சின்னக் குமிழிகளை ஒண்ணு சேர்த்துப் பெருசாக்கும், காத்து வெளியேறச் சுளுவாகும். உற்பத்தியைக் குறைக்காது. கரி மாத்திரை வேண்டாம்னுதான் சொல்லுவேன். மத்த மாத்திரையையும் சேர்த்து உறிஞ்சிக்கிடும்.


அடுப்படி:

மருந்துச்சீட்டு அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா சுண்டலை நிறுத்த வேண்டியதில்ல, செய்யிற விதத்தை மாத்தினா போதும்.

பயறு வகையில ரஃபினோஸ், ஸ்டாக்கியோஸ்னு ரெண்டு சர்க்கரை இருக்கு. அதை உடைக்கிற நொதி மனுஷக் குடல்ல இல்லவே இல்ல. நல்லவேளை, ரெண்டும் தண்ணியில கரையும். கொண்டைக்கடலை ஒரு பங்குக்கு வெதுவெதுப்பான தண்ணி நாலு பங்கு ஊத்தி 10 முதல் 12 மணி நேரம் ஊற விடுங்க, நடுவுல ஒரு தடவை தண்ணி மாத்துங்க. நம்ம ஊர் கோடையில ராத்திரி முழுக்க மாத்தாம வச்சா நொரைச்சுப் புளிப்பு வாடை அடிச்சிரும். ஊறின தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில மூடாம அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு அதையும் கொட்டுங்க. அப்புறம் புதுத் தண்ணி ஊத்திக் குக்கர்ல வைங்க. விரலால நசுக்கினா வெண்ணெயா மசியணும். சத்துப் போயிரும்னு ஊறின தண்ணியிலேயே வேக வைக்கிறவங்க உண்டு. கொஞ்சம் வைட்டமின் போகுறது நிஜந்தான், வாயுக்காரருக்கு அது பரவாயில்ல.

முளைகட்டினா இன்னும் நல்லது. விதை முளைக்கும்போது அந்தச் சர்க்கரையைத் தானே எடுத்துச் சாப்பிட்டுக்கிடும். முளை அரை அங்குலம் வந்ததும் வேக வச்சுக் குடுங்க, பச்சையா வேண்டாம்.

பருப்பு வேகாத வீட்டுல தண்ணியைப் பாக்கணும். ஆத்துத் தண்ணி குழாய் இருக்கிற தெருவுல நல்லா வேகுற துவரம்பருப்பு, போர் தண்ணியில எத்தனை விசில் விட்டாலும் நறுக்கு நறுக்குன்னு நிக்கும். கடினத் தண்ணியில உள்ள கால்சியமும் மக்னீசியமும் தோலை இறுக்கிப் பிடிச்சிரும். பருப்புக்கு மட்டுமாவது குடிதண்ணி ஊத்துங்க. ஆப்பச்சோடா போட்டா வேகும், ஆனா உப்புச்சத்தைக் கூட்டும், ரத்தக்கொதிப்பு இருந்தா ஆகாது. புளியும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகுதான். முன்னாடியே போட்டா பருப்பு விறைச்சுக்கிடும். அரைவேக்காட்டுப் பருப்புதான் பாதிப் பேருக்கு வயித்தைக் கெடுக்கு.

உளுந்தஞ்சோத்துக்கு வருவோம். பல வீட்டுல அரிசி ரெண்டு பங்கு, தொலி உளுந்து ஒரு பங்கு போடுதாங்க. அப்பாவுக்கு அரிசி நாலுக்கு உளுந்து ஒண்ணு போடுங்க. வறுத்தா வாயு போயிரும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. வறுத்தா மணம் வரும், அந்தச் சர்க்கரை போகாது. வறுத்த பிறகும் ரெண்டு மணி நேரம் ஊற வச்சு, தண்ணியை வடிச்சிட்டுப் போடுங்க. தொலி கொஞ்சம் மிதந்து போனாலும் போகட்டும். அதுல முழுப் பூண்டாப் போடுறதும் ஒரு காரணம். பூண்டு வாயுவுக்கு மருந்துன்னு சொல்லிக்கிட்டே கைநிறையப் போடுதோம், பூண்டுலயும் வெங்காயத்துலயும் இருக்கிற ஃபிரக்டானும் குடல்ல புளிக்கிற சரக்குதான். ரெண்டு பல்லு போதும். எள்ளுத் துவையலை நிறுத்த வேண்டாம், அது ஒண்ணும் செய்யாது.

இட்லியிலயும் உளுந்து இருக்கேன்னு கேப்பீங்க. அரைச்சுப் புளிக்க வைக்கும்போது மாவுல உள்ள நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையில பெரும்பங்கைச் சாப்பிட்டுருது. அதான் இட்லி வயித்துக்குச் சுளுவா இருக்கு. ராத்திரிச் சப்பாத்திக்குப் பதிலா ஒரு வாரம் இட்லி குடுத்துப் பாருங்க, கோதுமையிலயும் ஃபிரக்டான் உண்டு. பருப்பு வேணும்னா சிறுபருப்பு போட்ட சொதி வைங்க, துவரையை விடப் பரவாயில்ல. தை மாசம் வந்தா பனங்கிழங்கும் சிறுகிழங்கும் வாசலுக்கு வரும். ஒரு நாளைக்கு ஒரு கிழங்கோட நிறுத்தச் சொல்லுங்க, கேக்க மாட்டாங்க.

ஓமத்தண்ணி: ஒரு டீஸ்பூன் ஓமத்தை வெறும் சட்டியில லேசா வறுத்து, 200 மி.லி. தண்ணியில போட்டுப் பாதியா வத்த விட்டு வடிகட்டி, இளஞ்சூட்டுல குடிக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். வாயுவுக்குன்னு பெருங்காயம் சேர்க்கிறவங்க உண்டு, கடையில வாங்குற கூட்டுப் பெருங்காயத்துல பாதிக்கு மேல மாவும் பிசினும்தான், அதனால நம்பிக்கை அளவா இருக்கட்டும்.


பழைய_பஸ்ஸ்டாண்டு:

எல்லாரும் இவ்வளவு எழுதுறீங்க. ஒரு எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு, ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டு, கோலி சோடா ஊத்திக் குடிச்சா அஞ்சு நிமிஷத்துல தீர்ந்துச்சு.


ஹைகிரவுண்டு_வாசி:

சோடாவில் இருப்பதே கரியமில வாயு. உள்ளே அனுப்பிய காற்றுதான் ஏப்பமாக வெளியே வருகிறது. வயிறு ஒரு நிமிடம் தளர்வதால் சுகமாகத் தெரியும். பெருங்குடலில் இருக்கும் வாயுவுக்கு அது எதுவும் செய்யாது. விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு முட்டி நிற்கும் வயிற்றில் ஆப்பச்சோடாவும் எலுமிச்சையும் சேர்ப்பது இன்னும் மோசம்: சில நொடிகளில் நிறைய வாயு கிளம்பும். அரிதாக இரைப்பையே கிழிந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

ஆனால் நான் எழுத வந்தது அதற்காக இல்லை. 64 வயது, சர்க்கரை நோய், "முட்டுகிறது, சோடா குடித்தால் லேசாகிறது" என்ற மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது இதயம்தான் முதலில் நினைவுக்கு வரவேண்டும். சர்க்கரை நோயாளிகளில் மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். மேல்வயிற்று அழுத்தம், ஏப்பம், குமட்டல், காரணமில்லாத சோர்வு என்று மட்டும் காட்டலாம். மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ வந்து நின்றால் அடங்கும் "வாயு", வேர்வையோடு வரும் "வாயு", தாடை, தோள், இடது கை, முதுகு என்று பரவும் "வாயு", 10 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் நெஞ்சழுத்தம்: இவற்றுக்கு ஓமமும் இல்லை, சுக்கும் இல்லை. 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல் தவணை மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின். கிராமத்தில் இருப்பவர்கள் முதலில் அங்கே காட்டிவிட்டுப் பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரலாம். அப்பாவுக்கு இதுவரை எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ஒரு இ.சி.ஜி. சரியாக இருந்தாலே இதயம் சரி என்று ஆகிவிடாது. மேலே சொன்ன குறிகள் இருந்தால் அதையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அது இல்லை என்று உறுதியான பிறகு மற்றதைப் பார்ப்போம். ஆரோக்கியமானவருக்கே ஒரு நாளில் 10 முதல் 20 தடவை காற்று பிரியும். எண்ணிப் பயப்பட வேண்டாம். எடை தானாகக் குறைவது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது ஆகியவை இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தக் கூடாது. கடைசியாகச் சொன்னது பல ஆண்டுச் சர்க்கரையால் இரைப்பை நரம்பு மந்தமானதன் அறிகுறியாக இருக்கலாம். காற்றும் பிரியாமல், மலமும் போகாமல், வயிறு வீங்கி வாந்தியும் வந்தால் அது குடல் அடைப்பு, அன்றே மருத்துவமனை. 50 வயது தாண்டிய பெண்களுக்குப் புதிதாக உப்பிசம் தொடங்கி வாரக்கணக்கில் அடங்காவிட்டால் சினைப்பைக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும். இது அப்பாவுக்குப் பொருந்தாது. ஆனாலும் இதைப் படிக்கிற வீட்டில் அம்மாவும் ஆச்சியும் இருப்பார்கள்.

மலச்சிக்கல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மலம் தேங்கினால் புளிக்க நேரம் கூடுகிறது, காற்று வெளியேற வழி குறைகிறது. வெற்றிலை போடுவது, பொருந்தாத பல்செட், பேசிக்கொண்டே வேகமாகச் சாப்பிடுவது ஆகிய மூன்றும் காற்றை விழுங்க வைக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம் மெதுவாக நடக்கட்டும். படுத்தபின் முட்டினால் மல்லாந்து, இரண்டு முழங்காலையும் மடக்கி மார்போடு அணைத்து ஒரு நிமிடம், இரண்டு மூன்று முறை செய்யலாம். முழங்கால் அல்லது இடுப்பு மாற்று அறுவை செய்தவர்கள் செய்ய வேண்டாம்.

தலைப்பில் கேட்டதற்கும் ஒரு வரி. மனிதருக்கும் நாய்க்கும் நாற்றமடிக்கும் வாயுவும் இளகிய மலமும் தருகிற கிருமி ஒன்று உண்டு, ஜியார்டியா. ஆனால் நாய்களிடம் காணப்படும் வகை பெரும்பாலும் மனிதரைத் தொற்றுவதில்லை. அப்பாவுக்கு நாற்றமும் பெரிதாக இல்லை, மலம் இளகுவதாகவும் நீங்கள் எழுதவில்லை என்பதால் இருவருக்கும் ஒரே காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.


கால்நடை_நெல்லை:

நாயைப் பற்றி யாரும் இன்னும் விரிவாக எழுதவில்லை, நான் எழுதுகிறேன். இந்தக் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது நாற்றம் இல்லை, கடைசி வரிதான்: ஒரே வேளை, பெரிய அளவு, ரெண்டு நிமிடத்தில் விழுங்குவது, உடனே ஓட்டம்.

கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் மூன்றுமே ஆழ்ந்த மார்பும் ஒடுங்கிய வயிறும் கொண்டவை. இப்படி உடல் வாகுள்ள நாய்களில் இரைப்பை காற்றால் ஊதி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். முறுக்கிவிட்டால் ஏப்பமும் வராது, வாந்தியும் வராது, ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அடையாளம்: வாந்தி எடுக்க முயன்று முயன்று நுரையும் எச்சிலும் மட்டும் வருவது, நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து படுப்பது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, விலாவுக்குப் பின்னால் வீங்கித் தட்டினால் மேளம் மாதிரி ஒலிப்பது, ஈறு வெளிறுவது. இவற்றில் முதலாவது ஒன்றே போதும், மற்றவற்றுக்காகக் காத்திருக்காதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நேரே அறுவை வசதி உள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

இதைத் தவிர்க்க இன்றே செய்ய வேண்டியது: ஒரு வேளையை இரண்டாகவோ மூன்றாகவோ பிரியுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட விடாதீர்கள். தட்டின் நடுவில் நாயின் வாய்க்குள் போக முடியாத அளவு பெரிய, கழுவிய உருண்டைக் கல் ஒன்றை வையுங்கள். சுற்றிச் சுற்றித்தான் எடுக்க முடியும், வேகம் குறையும். அகலமான தாம்பாளத்தில் மெல்லிதாகப் பரப்பி வைத்தாலும் சரி. தட்டை முக்காலியில் ஏற்றி வைக்க வேண்டாம், தரையிலேயே இருக்கட்டும். மெதுவாகச் சாப்பிட்டால் விழுங்கும் காற்றும் குறையும். நாயின் வாயுவில் அது ஒரு பெரிய பங்கு.

இனி நாற்றம். வளர்ந்த நாய்க்குப் பால் செரிக்காது. குட்டிப் பருவத்தோடு அந்த நொதி குறைந்துவிடுகிறது. காலைப் பாலை நிறுத்தினாலே மலம் கெட்டிப்படலாம். கோழித் தோல் முழுக்கக் கொழுப்பு, கணையத்தை வீங்க வைக்கக்கூடியது. குடல் பச்சையாகப் போனால் சால்மொனெல்லா போன்ற கிருமிகளும் சேர்ந்து போகும், அதை அள்ளிப் போடும் உங்கள் கைக்கும் வரும். மூன்றாவது, சாம்பார். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஒரே தடவையில் உடல் எடை ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனால் நஞ்சு. உங்கள் நாய்க்கு அது 300 கிராமிலிருந்து, அவ்வளவு சாம்பாரில் வராது. ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதும் சேதம் செய்யும். வேக வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஈறு வெளிறுவது, மூத்திரம் காப்பி நிறத்தில் போவது, சோர்வு ஆகியவை சில நாள் கழித்தே தெரியும்.

மாற்று உணவு: 20 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கலோரி வேண்டும். குழைய வெந்த சோறு 500 கிராம், தோலும் எலும்பும் இல்லாத வேகவைத்த கோழிக்கறி 250 கிராம். உப்பு, மஞ்சள்பொடி, தாளிப்பு எதுவும் வேண்டாம். மூன்று வேளையாகப் பிரித்து 3 முதல் 5 நாள் கொடுங்கள். தானியங்களில் நாய்க்கு வாயு குறைவாகத் தருவது அரிசிதான். கோதுமை, மக்காச்சோளம் கூடுதல். ஆனால் சூடான சோறாக வடித்து ஆறியதும் கொடுங்கள். ராத்திரி வைத்த பழைய சோற்றில் ஒரு பகுதி மாவு செரிக்காத வடிவத்துக்கு மாறியிருக்கும்.

இந்த நாட்களில் நாற்றமும் இளக்கமும் அடங்கினால் காரணம் உணவுதான். பிறகு நிரந்தர உணவுக்கு மாறும்போது இரண்டு நாளைக்கு ஒரு முறை கால் பங்கு கால் பங்காகப் புதியதைக் கூட்டி, ஒரு வாரத்தில் முழுதாக மாற்றுங்கள். திடீர் மாற்றமே வாயுவுக்குக் காரணமாகிவிடும். சோறு, கறி மட்டுமே தொடர்ந்தால் கால்சியம் போதாது. முட்டை ஓட்டைக் கொதிக்க வைத்துக் காயவைத்து மாவாகப் பொடித்து, நாளைக்கு அரை டீஸ்பூன் கலந்தால் ஏறக்குறைய ஈடாகும். மற்ற சத்துகளுக்கு மருத்துவரிடம் கேட்டு ஒரு துணைப்பொடி வாங்குங்கள்.

அடங்காவிட்டால் மலப் பரிசோதனை. ஜியார்டியா எல்லா நாளும் மலத்தில் வெளிவராது, வேறு வேறு நாளில் மூன்று மாதிரி கொடுங்கள். குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எடை பார்த்து. நன்றாகத் தின்றும் மெலிந்து, வெளிறிய மலம் குவியல் குவியலாகப் போனால் கணைய நொதிக் குறைபாடு. அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

ஓமத்தண்ணி நாய்க்கு வேண்டாம். நாய்க்கு இவ்வளவு என்று வகுத்த அளவு அதற்கு இல்லை, தேவையும் இல்லை. நாற்றத்துக்கு மட்டும் சோதித்துப் பார்த்த ஒன்று உண்டு: கரி, யூக்கா என்ற செடி, துத்தநாக அசிட்டேட் மூன்றும் சேர்ந்த தின்பண்டம். 2001-ல் வெளியான ஆய்வில் அது கந்தக வாயுவைக் குறைத்தது, காற்று பிரியும் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. உணவைத் திருத்தாமல் அதை வாங்குவது வீண்செலவு.


மேலரதவீதி:

எல்லாருக்கும் நன்றி. சீட்டைப் பாத்தேன், வோக்லிபோஸ் 0.3 மி.கி.ன்னு இருக்கு. பிஸ்கட் அட்டையில மால்டிடாலும் இருக்கு. அப்பாவுக்கு மலச்சிக்கலும் உண்டாம், இதுவரைக்கும் சொல்லல. அதுக்கு இசப்கோல் குடுக்கலாமா? நாய்க்குத் தயிர் குடுக்கலாமா? அப்பா பிஸ்கட்டு ரெண்டை நாய்க்கும் போடுறது வழக்கம். அப்புறம், ராத்திரியில நாய்க்கு அந்த முறுக்கல் சந்தேகம் வந்தா எங்க போக?


மருந்துச்சீட்டு:

இசப்கோல் குடுக்கலாம், ஆனா எடுத்த எடுப்புல ரெண்டு ஸ்பூன் வேண்டாம், வாயு கூடும். ராத்திரி ஒரு டீஸ்பூன்ல தொடங்கி, வாரத்துக்கு ஒரு டீஸ்பூன் கூட்டலாம். ஒவ்வொரு தடவையும் 250 மி.லி. தண்ணியோட, கலக்கின உடனே குடிச்சிரணும். தண்ணி கம்மியா குடிச்சா உள்ள பசையா அடைச்சுக்கிடும். மத்த மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. 0.3-ஐப் பத்தி டாக்டர்கிட்ட கேக்கும்போது, மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுறவங்களுக்கு பி12 குறையும்கிறதையும் ஞாபகப்படுத்தி அதுக்கும் ரத்தம் எடுத்துருங்க.


கால்நடை_நெல்லை:

புளிக்காத தயிர் ரெண்டு மேசைக்கரண்டி கொடுத்துப் பார்க்கலாம், பாலைவிட லாக்டோஸ் குறைவு. மலம் இளகினால் நிறுத்திவிடுங்கள். முதல் ஐந்து நாள் அதுவும் வேண்டாம்.

பிஸ்கட்டை இன்றோடு நிறுத்துங்கள். மால்டிடால் நாய்க்கு வயிற்றுப்போக்கோடு போகும். ஆனால் சர்க்கரை இல்லாத வேறு பிஸ்கட், சூயிங்கம், சிரப் எதிலாவது சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால் ஆபத்து வேறு: எடை ஒரு கிலோவுக்கு 0.1 கிராமே நாயின் ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தி வலிப்பு வரச் செய்யும், கூடுதலாகப் போனால் கல்லீரல் கெடும். அதே காரணத்துக்காக மனிதருக்கான கேஸ் சிரப்பையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். வயிற்றுவலி என்று நினைத்து பாராசிட்டமால், டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் கொடுப்பதும் கூடாது.

ராத்திரிக்கு: திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆபத்து வரும் முன்னரே ஒரு நாள் பகலில் போய், இரவில் அவசர அறுவை உண்டா, யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு எண்ணை வாங்கி வையுங்கள். அறுவை செய்யும் தனியார் மருத்துவர் ஒருவரின் எண்ணும் இருக்கட்டும். கிளம்பும் முன் ஃபோன் செய்து "வாந்தி வராமல் ஓங்கரிக்கிறது, வயிறு ஊதியிருக்கிறது, கன்னி, 20 கிலோ" என்று சொன்னால் அவர்கள் தயாராக இருப்பார்கள். நாயை நடக்க வைக்காமல், வயிற்றை அழுத்தாமல், மார்பிலும் தொடையிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு தின்றது என்பதை எழுதி எடுத்துப் போங்கள்; மயக்கமருந்து கொடுப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். அறுவையின்போது இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள், தைக்காமல் விட்ட நாய்களுக்கு மறுபடி முறுக்கிக்கொள்வது அதிகம்.